கோட்டுப் பையில் நற்கருணை

கோல்மன் ஹெஹிர் கோயில் பூசை கண்டு முப்பது வருஷம் இருக்கும். அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்து எனிஸ்டைமனில் குழாய் ரிப்பேர் என்றால் அவர்தான். பாதிரியார் வீட்டு பாய்லர் கெட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். போவார், வேலையை முடிப்பார், ஆசீர்வாதம் வேண்டாம் ஃபாதர், டீ போதும் என்பார். கல்யாணமாகாமல் கர்ப்பமான அவர் தங்கையை ஒரு பழைய பாதிரியார் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் குத்திக் காட்டினார். அன்று பூசை நடுவில் எழுந்து வந்தவர்தான். மகள் ரோஷீனுக்கு ஞானஸ்நானம்கூடக் கொடுக்கவில்லை. "மேல ஒருத்தனும் இல்ல, கீழ ஒரு நெருப்பும் இல்ல" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்.

அப்படிப்பட்ட மனுஷன் தன் அம்மாவின் அடக்கப் பூசையில் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பின்னால் ஊரே இருந்தது. நடக்க முடியாத பாட்டிகளுக்காகப் பாதிரியார் நற்கருணை அப்பக் கிண்ணத்தோடு கீழே இறங்கி வந்தார்; வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்து கோல்மன் முன்னால் நின்றார். தலையை ஆட்டி வேண்டாம் என்றிருக்கலாம். அம்மாவின் பெட்டி இரண்டடி தள்ளி இருக்கும்போது எப்படி ஆட்டுவது? கை தானாக நீண்டது. "ஆமென்" என்று வாயும் சொல்லிவிட்டது. இயேசுவின் உடல் என்று ஊரே நம்பும் அந்த மெல்லிய அப்பம் உள்ளங்கையில் விழுந்ததும், ஏழு வயதில் கன்னியாஸ்திரி சொன்னது காதில் கேட்டது: அறிக்கை செய்யாத சாவான பாவத்தோடு நற்கருணை வாங்குகிறவன் தன் தண்டனையையே விழுங்குகிறான். குப்பென்று வியர்த்தது. வாய்க்குக் கொண்டுபோகிற மாதிரி கொண்டுபோய், விரலை மூடி, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

அட கிறுக்கு மனுஷா, விழுங்கியே தொலைத்திருக்கலாமே!

ஏனென்றால் அதே கன்னியாஸ்திரி இன்னொரு கதையும் சொல்லியிருந்தார். ஒருவன் நற்கருணையை வீட்டுக்கு எடுத்துப் போனானாம். அந்த வீட்டில் அடுத்துப் பிறந்த குழந்தை அழவே இல்லையாம். ரோஷீனுக்கு இப்போது எட்டாம் மாதம்.

மூன்று நாள் அந்தக் கோட்டு சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கியது. கோல்மன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. நாலாம் நாள் மனைவி டிம்ப்னா பிடித்துக்கொண்டாள்.

"என்ன கோல்மன், கோட்டுக்குள்ள பேயா வச்சிருக்க?"

சொன்னார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளும் அதே கன்னியாஸ்திரிகளிடம் படித்துவிட்டு, அவரோடு சேர்ந்து கோயிலை விட்டவள்தான்.

"வெறும் மாவும் தண்ணியும். நீதானே ஊரெல்லாம் சொல்லுவ? குப்பைல போடு."

"நீ போடேன்."

"போட்டா என்னவாம்?"

வெடுக்கென்று எடுத்தாள். குப்பைத்தொட்டியைக் காலால் திறந்தாள். உள்ளே உருளைக்கிழங்குத் தோலும் டீத்தூளும். கை அப்படியே நின்றது. சிரிப்பும் நின்றது.

"எட்டு மாசம், கோல்மன்..." என்றாள். "பேசாம ஃபாதர்கிட்டயே திருப்பிக் குடுத்துடு."

"குடுத்துட்டு? அப்புறம் இந்த மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்குவேன்?"

"அப்ப பாவத்தையெல்லாம் அவர்கிட்ட சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு நீயே சாப்பிடு."

"முப்பது வருஷப் பாவத்தையா? அந்த ஆளு மதியம் சாப்பிட வேண்டாமா?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. கோல்மன் சின்ன வயதில் பூசைக்கு உதவியவர். கீழே விழுந்த நற்கருணையைப் பாதிரியார் தண்ணீரில் போட்டு, கரைந்த பிறகு கால் படாத மண்ணில் ஊற்றியதைப் பார்த்திருக்கிறார். டிம்ப்னா கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி கிளாஸை எடுத்து மூன்று தடவை கழுவினாள். அதில் தண்ணீர் ஊற்றி, அப்பத்தைப் போட்டு ஜன்னலோரம் வைத்தார்கள்.

மறுநாள் காலையில் ரோஷீன் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்தாள். "என்னம்மா இது, நல்ல கிளாஸ்ல ஏதோ ஊறிக் கெடக்கு?" என்றபடியே சிங்க்கில் கவிழ்த்தாள்.

"ஐயோ! குழாயத் தொறக்காத!" என்று இருவரும் அலறினார்கள்.

நாற்பது வருஷமாகப் பிடித்த ஸ்பானர் வந்தது. டிம்ப்னா டார்ச் பிடிக்க, கோல்மன் சிங்க்குக்குக் கீழே மல்லாந்து படுத்து, வளைவுக் குழாயைக் கழற்றினார். உள்ளே நின்ற அழுக்குத் தண்ணீரை ஒரு சொட்டு சிந்தாமல் வாளியில் பிடித்தார். மழையில் இரண்டு பேருமாக அதைத் தூக்கிக்கொண்டு போய், வேலியோர ரோஜாச் செடியின் அடியில் ஊற்றினார்கள்.

ரோஷீன் கொல்லை வாசலில் நின்றாள். "மோதிரம் கீதிரம் விழுந்துடுச்சாப்பா? ஏன் இப்படி வெளிறிப்போய் இருக்கீங்க?"

கோல்மன் எல்லாவற்றையும் சொன்னார், அழாத குழந்தையின் கதை உட்பட.

"நீங்கதானேப்பா ஒண்ணும் இல்லன்னு சொல்லி வளர்த்தீங்க?"

"இல்லதாம்மா. சத்தியமா ஒண்ணும் இல்ல." வாளியைக் கீழே வைத்தார். "ஆனாலும், குழந்தை பொறந்ததும் தலைல ரெண்டு சொட்டு ஞானஸ்நானத் தண்ணி மட்டும் ஊத்திடுவோம். என்ன?"

ரோஷீன் சிரிக்கத்தான் பார்த்தாள். ஆனால் இரண்டு கையும் போய் வயிற்றை மூடிக்கொண்டன. அவளுக்கு வரவே கூடாது என்று அவர் இத்தனை வருஷம் தடுத்துவைத்த பயம், அவர் கண்ணெதிரிலேயே அவள் முகத்தில் வந்துவிட்டது.