என் முதல் கேக்கும் அதன் பள்ளமும்

குளுகுளு ஓசூரிலேயே வெளியே தலைகாட்ட முடியாத வெயில். வீட்டில் சும்மா இருப்பேனா? கேக் செய்தேன்!

ஓவன் கிடையாது. குக்கருக்குள் உப்பைக் கொட்டி, அதன் மேல் மாவு ஊற்றிய டிபன் டப்பாவை வைத்தேன். ஆனால், ஆசை தாங்காமல் மூடியைத் திறந்து திறந்து பார்த்ததில் கேக் நடுவில் அப்படியே அமுங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கணவர் ஷிப்ட் முடிந்து வந்தார். கம்பெனியில் அவருக்குத் தரம் பார்க்கும் வேலை. யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. குனிந்து பார்த்தார், விரலால் தட்டினார், ஸ்கேலை எடுத்துவந்து பள்ளத்தை அளந்தார்.

“ரிஜெக்ட்டு. சிவப்பு டப்பாவுல போடு.”

கம்பெனியில் கழித்துப் போடும் பொருளெல்லாம் சிவப்பு டப்பாவுக்குத்தான் போகுமாம். எங்கள் வீட்டுச் சிவப்பு டப்பாவில் மிளகாய்த்தூள் இருக்கிறது!

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜபீனா அக்கா ஓடிவந்தார். அவரும் கம்பெனிக்குப் போகிறவர்தான்.

“இதுக்கா இவ்ளோ அலப்பற? இரு, வரேன்.”

பேரிகைச் சந்தையில் வாங்கிய மாம்பழத்தை நறுக்கி எடுத்துவந்து, பள்ளம் நிறையக் கொட்டினார்.

“ரீவொர்க் முடிஞ்சுது. இப்ப செக் பண்ணு தம்பி.”

தம்பி செக் பண்ணினார். பாதிக் கேக்கைக் காணோம்.

வாயைத் துடைத்துக்கொண்டே சொல்கிறார்: “அடுத்த தடவயும் பள்ளம் இதே ஆழத்துல வரணும். கொறஞ்சா ரிஜெக்ட்டு.”

கேக் உப்பி வருவதற்கு ஆயிரம் வீடியோ இருக்கிறது. அளவாக அமுங்குவதற்கு யாரிடமாவது வழி இருக்கிறதா மக்களே?