பெயருக்கு முன்னால் ஒரு சிலுவை

ஜெரோம் அண்ணே, செத்தும் என்னை இப்படிப் பாடாய்ப் படுத்துவாய் என்று நான் நினைக்கவே இல்லை.

புன்னைக்காயல் படகுச் சங்கத்துக் கம்ப்யூட்டரில் நீ எழுதிப்போட்ட 'சர்வீஸ்' என்கிற புரோகிராம்தான் காற்று எச்சரிக்கையை ஒலிபெருக்கிக்கு அனுப்பும். உன் அடக்கத்துக்குப் பிறகு, நான் எத்தனை தடவை ஸ்டார்ட் கொடுத்தாலும் அது உடனே நின்றுவிட்டது. பத்தாவதோடு நின்ற எனக்கு நீ சொல்லிக்கொடுத்தது மட்டும்தான் தெரியும்.

சங்கத் தலைவர் அண்ணாச்சி கடுப்பாகிவிட்டார். "ஏளா, இன்னைக்கும் ஓடலைன்னா உங்கண்ணன் போட்டதை எல்லாம் அழிச்சிட்டு, டவுன்ல இருந்து வேற ஆளைக் கூட்டியாந்துருவேன்!"

"ஒரு மணி நேரம் பொறுங்க அண்ணாச்சி."

எரரை எழுத்துக்கூட்டிப் படித்தேன். சர்வீஸ் தேடுகிற, உன் பெயரிலேயே நீ வைத்திருந்த 'ஜெரோம்' ஃபோல்டரைக் காணவில்லையாம்.

"கண்ணு முன்னாலதானே கெடக்கு, குருட்டுச் சனியனே!" என்று கத்தினேன்.

அப்போதுதான் கவனித்தேன். இறந்தவர்கள் பெயருக்கு முன்னால் நாம் சிலுவை போடுவோமே, அதேபோல அடக்கத்தன்று அழுதுகொண்டே அந்த ஃபோல்டர் பெயருக்கு முன்னாலும் போட்டிருந்தேன். பெயர் மாறியதால் சர்வீஸுக்கு உன்னைத் தெரியவில்லை.

சிலுவையை அழிக்க விரல் வரவில்லை. வெளியே காற்று எச்சரிக்கைக்காகப் படகுக்காரர்கள் காத்திருந்தார்கள். அழித்தேன். சர்வீஸ் ஓடியது, நிற்கவே இல்லை.

"இந்தச் சின்ன விசயத்துக்கா இவ்வளவு பாடு?" என்று அண்ணாச்சி சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

அந்தக் கம்ப்யூட்டரில் இனி உனக்குச் சிலுவை போட முடியாது அண்ணே. அதனால் இதைப் படிக்கிற எல்லாரும் என் அண்ணன் ஜெரோமுக்காக ஒரு செபம் சொல்லுங்கள்.