பிசுக்கு இல்லாத சமையலறை

பூங்காவில் எல்லாரும் அவரைப் பூனை என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் ஒல்லி. சத்தமில்லாமல் நடப்பார். சமையலறைக்குள் வந்தால் நேராக மேலே ஏறிவிடுவார். காரணம் இவ்வளவுதான். பால் அவருக்குப் பிடிக்காது. அந்தப் பெயருக்கு அது ஒரு குறைதான், ஆனால் யாரும் பெரிதுபடுத்தவில்லை.

அந்த தீம் பார்க்கிலும் அதை ஒட்டிய தங்கும் விடுதியிலும் சேர்த்துப் பதினோரு உணவகங்கள். அத்தனைக்கும் புகைக்குழாய் சுத்தம் செய்வது அவர் வேலை. அடுப்புக்கு மேலே சிம்னி, சிம்னிக்கு மேலே ஓர் ஆள் படுத்தபடி நுழையக்கூடிய தகரக் குழாய், அது வளைந்து வளைந்து மொட்டைமாடி வரை போகும். அதற்குள் ஊர்ந்து போய், சுரண்டியால் எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டிப் பையில் அள்ளிக்கொண்டு, வந்த வழியே பின்பக்கமாக ஊர்ந்து வெளியே வர வேண்டும். காலை ஆறு மணிக்கு நுழைந்தால் பத்து மணிக்கு வாசல் திறப்பதற்குள் முடித்தாக வேண்டும். பத்தொன்பது வருடமாக இதைத்தான் செய்கிறார். ஒரு தடவைகூட உள்ளே மாட்டிக்கொண்டதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

பத்தொன்பது வருடத்தில் அந்தப் பதினோரு உணவகங்களில் ஒன்றில்கூட அவர் கை நனைத்ததில்லை. வீட்டிலிருந்து டிபன் டப்பா கொண்டுவருவார். யாராவது சாப்பிடக் கூப்பிட்டால், “மேல இருந்து பாத்தவனுக்குக் கீழ உக்காந்து சாப்பிட முடியாதுப்பா” என்பார். புதிதாக யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அடுப்புக்கு மேலே கூரையைத்தான் பார்ப்பார். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டில் அப்படி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றதில், மாப்பிள்ளை சாமி கும்பிடுகிறார் என்று எல்லாரும் கொஞ்ச நேரம் அமைதியாக நின்றார்களாம்.

ஒரு நாள் அவருக்குப் போன் வந்தது. மனைவியின் அக்கா.

“தம்பி, வர்ற புதன்கிழமை கண் டாக்டரைப் பாக்க உங்க ஊருக்கு வர்றேன். பன்னெண்டு மணிக்கெல்லாம் முடிஞ்சிடும். மூணு மணிக்கு பஸ். சும்மா சொல்லி வெச்சேன்.”

சும்மா சொல்லிவைக்கிற பழக்கம் அந்த அக்காவுக்குக் கிடையாது. அவரும் அவர் தங்கையும், அதாவது நம் பூனையின் மனைவியும், பேசி ஆறு வருடம் ஆகிறது.

காரணம் சூப். அக்கா ஒரு பள்ளி விடுதியில் சமையல்காரர். முந்நூறு பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் ஆக்கிப் போடுகிறவர். ஆறு வருடத்துக்கு முன்னால் அவர் வீட்டில் ஒரு விருந்து. விடுதி வார்டனும் வந்திருந்தார். அவர் முன்னால் தங்கைக்காரி ஒரு கரண்டி சூப் குடித்துவிட்டு, “உப்புதான் கொஞ்சம் கம்மி” என்றாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, வாய் சும்மா இருக்கவில்லை. அக்கா அவள் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, சூப்பைத் தொட்டியில் கொட்டி, கிண்ணத்தைக் கழுவி, துடைத்து, அலமாரியில் வைத்துவிட்டார். அதோடு பேச்சும் நின்றது.

போனில் வந்த செய்தியைப் பூனை மனைவியிடம் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த சட்டையையே இன்னொரு தடவை மடித்தாள்.

“வீட்டுக்கு வரச் சொல்லாதீங்க. நான் சமைச்சு அவ குறை சொன்னா என்னால தாங்க முடியாது.”

“சொல்லாம சாப்பிட்டா?”

“அதையும் தாங்க முடியாது.”

சட்டையைக் கீழே வைத்துவிட்டு அவளே சொன்னாள். “வெளிய எங்கயாவது கூட்டிட்டுப் போங்க. சாப்பாடு நல்லா இருக்கணும். அவளும் குறை சொல்லக் கூடாது, நானும் குறை சொல்லக் கூடாது. பதினோரு சமையலறைக்குள்ளயும் போய் வந்தவர் நீங்கதான். ஒரு நல்ல இடமா நீங்களே பாருங்க.”

“நல்ல இடம்னா?”

“இந்தத் தடவை விட்டா அவ திரும்ப வர மாட்டா” என்றாள். அவளுக்கு அக்கா வேண்டும். ஆறு வருடமாக அதை வாய்விட்டுச் சொல்லாமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

பூனை பொறுப்பை ஏற்றுக்கொண்டார். இப்படிப்பட்ட விஷயத்தில் வேறு யாராக இருந்தாலும் மூன்று பேரிடம் விசாரித்திருப்பார்கள், அல்லது ஒரு நாள் போய்ச் சாப்பிட்டுப் பார்த்திருப்பார்கள். இவர் தன் பதிவேட்டை எடுத்தார். எந்தக் குழாயில் எந்த மாதம் எத்தனை கனம் பிசுக்கு என்று பத்தொன்பது வருடமாக எழுதிவைத்தது. அதைவிட நம்பகமான சாட்சி உலகத்தில் கிடையாது என்பது அவர் கட்சி.

கோட்டை உணவகம், அரை விரல் கனம். கழித்துக்கட்டினார். காட்டு உணவகத்தில் பிசுக்கு குறைவுதான், ஆனால் ஒரு தடவை குழாயின் இரண்டாவது வளைவில் ஒரு கரண்டி கிடைத்தது. அது எப்படி அங்கே ஏறியது என்று இன்றுவரை யாரும் வாயைத் திறக்கவில்லை. அதையும் அடித்தார். கடற்கொள்ளையர் கப்பலைப் பற்றி யோசிக்கவே இல்லை. எல்லாருக்கும் அது வெறும் கப்பல். அங்கே ஒன்றரை விரல் கனம், தேன் மாதிரி சொட்டும், நாலு மணி நேர வேலை. அந்தச் சமையல்காரம்மாவுக்கும் இவருக்கும் ஏழாம் பொருத்தம். மாதாமாதம் இவர் பதிவேட்டில் ‘பிசுக்கு மிக அதிகம், சமையல்காரருக்கு அறிவுறுத்தப்பட்டது’ என்று எழுதுவார். மாதாமாதம் அந்த அம்மா, “சமைச்சா பிசுக்கு வரத்தான் செய்யும். வேண்டாம்னா சமைக்காத இடமாப் பாத்துப் போங்க” என்பார்.

கடைசியில் நின்றது விண்கலம். விடுதியின் மாடியில், வெள்ளி நிறத்தில், உருண்டையான உணவகம். அதன் குழாயைத் துடைத்தால் துணி அழுக்காகாது. இருபது நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அடுப்பு நேற்று வாங்கியதுபோல் பளபளக்கும். வாங்கி எட்டு வருடம். அந்தச் சமையல்காரர் எவ்வளவு சுத்தக்காரராக இருப்பார் என்று அந்தக் குழாய்க்குள் படுத்தபடி பல தடவை அவர் மனம் உருகியிருக்கிறார். ஆளை நேரில் பார்த்ததில்லை. ஆறு மணிக்கு யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

“விண்கலம்” என்றார் மனைவியிடம். “கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிடலாம்.”

புதன்கிழமை பன்னிரண்டரைக்கு அக்கா பூங்கா வாசலில் வந்து இறங்கினார். டாக்டர் விட்ட சொட்டுமருந்தில் கண் கூசியதால் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். தங்கை எதிரில் நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் இரண்டடி தூரம்.

“தம்பி, உங்க வீட்டுக்காரி இளைச்சிருக்காளே, உடம்புக்கு என்னன்னு கேளுங்க.”

“ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க. அவங்க கண்ணுக்கு என்னன்னு கேளுங்க.”

“புரைன்னு சொல்லுங்க.”

பூனை இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொன்னார். ராட்சத ராட்டினத்தைத் தாண்டுவதற்குள் அவருக்குக் கழுத்து வலி வந்துவிட்டது.

விண்கலத்தில் மேஜை ஒவ்வொன்றும் ஒரு கிரகம். அவர்களுக்கு வளையம் உள்ளது கிடைத்தது. பரிமாறுகிறவர் தலை முதல் கால் வரை வெள்ளி உடையில் வந்து, கோழியும் காய்கறியும் சொன்ன ஐந்தாவது நிமிடத்தில் கொண்டுவந்து வைத்தார்.

அக்கா கோழியை முள்கரண்டியால் குத்தினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கூசும் கண்ணோடு அதைக் குனிந்து பார்த்தார்.

“தம்பி, ஓரம் கொதிக்குது. நடுவுல ஐஸ்.”

பூனை தன் தட்டிலும் குத்திப் பார்த்தார். ஐஸ்தான்.

அக்கா வெள்ளி உடைக்காரரைக் கூப்பிட்டார். “உள்ள யாருங்க சமையல்?”

“சமையலா?” அந்த மனிதர் அப்படியொரு வார்த்தையைக் கேட்டு வெகுநாள் ஆனதுபோல் விழித்தார். “எல்லாம் வெளியில இருந்து பெட்டியில வருதுங்க. பெட்டி மேல எத்தனை நிமிஷம்னு போட்டிருக்கும். மெஷின்ல வெச்சு பட்டனை அமுக்குவோம்.”

“அப்ப அடுப்பு?”

“அது இடம் கட்டும்போதே வந்ததுங்க. பத்த வெச்சதில்ல.”

பூனை அண்ணாந்து கூரையைப் பார்த்தார். எட்டு வருடமாக மாதம் தவறாமல், புகையே ஏறாத ஒரு குழாயை அவர் சுத்தம் செய்திருக்கிறார். போதாததற்கு அதன் சமையல்காரரை மெச்சி வேறு தொலைத்திருக்கிறார். அப்படி ஓர் ஆள் பிறக்கவே இல்லை.

அக்கா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். “பரவாயில்ல தம்பி. எனக்கும் பசி இல்ல. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் உக்காந்துக்கறேன்.”

மணி ஒன்று பத்து. மனைவி வளையத்தின் விளிம்பில் விரலை வைத்து வருடிக்கொண்டிருந்தாள். அழப்போகிறாள் என்று பூனைக்குத் தெரிந்தது. அவளைக் கட்டிக்கொண்ட பதினெட்டு வருடத்தில் அவருக்குத் திட்டவட்டமாகத் தெரிந்த ஒன்றிரண்டு விஷயங்களில் அதுவும் ஒன்று.

“கப்பலுக்குப் போகலாம்” என்றார்.

மனைவி நிமிர்ந்தாள். “எது, அந்த அழுக்குக் கப்பலா? மாசாமாசம் வந்து திட்டுவீங்களே?”

“அதேதான். அங்கதான் சமைக்கிறாங்க.” அந்த வாக்கியத்தை வெளியே தள்ள அவர் பட்ட பாடு, இரண்டாவது வளைவில் பின்பக்கமாக ஊர்வதைவிடப் பெரிது.

கப்பலில் இடம் நெருக்கமாக இருந்தது. சமையலறைக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவில் ஒரு ஜன்னல்தான். அதன் வழியே சமையல்காரம்மா இவரைப் பார்த்துவிட்டார்.

“இன்னிக்குத் தேதி இல்லையே. சுரண்டி எங்க?”

“சாப்பிட வந்தோம்.”

அந்த அம்மா இவரையும் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். பதிலுக்கு ஏதாவது சொல்வார் என்று பூனை தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார். பத்தொன்பது வருடத்துப் பாக்கி அது. அந்த அம்மா திரும்பி அடுப்பைக் கூட்டினார். அதுதான் பூனைக்கு அதிகமாக வலித்தது.

வறுத்த மீன் வந்தது. ரொட்டி வந்தது. கூடவே, கேட்காமலே, மூன்று கிண்ணங்களில் ஆவி பறக்கச் சூப் வந்தது. சூப்பைக் கண்டதும் பூனை ஜன்னல் பக்கம் திரும்பினார். திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொல்லலாமா என்று பார்ப்பதற்குள் அக்கா கரண்டியை எடுத்துவிட்டார்.

மீனை இரண்டு பேரும் முள்ளெடுத்துச் சாப்பிட்டார்கள். நன்றாக இருந்தது. அவ்வளவு பிசுக்கும் எங்கிருந்து வருகிறது என்று பூனைக்கு முதல் வாயிலேயே புரிந்தது. அப்புறம் அக்கா ஒரு கரண்டி சூப் குடித்தார். கரண்டியைக் கீழே வைத்தார். பூனையைப் பார்க்காமல் நேராகத் தங்கையைப் பார்த்தார்.

“எப்படி இருக்குடி?”

ஆறு வருடத்தில் முதல் தடவை. பூனை மேஜைக்குக் கீழே மனைவியின் காலை மிதித்தார். நல்லா இருக்குன்னு சொல்லித் தொலை என்று அதற்கு அர்த்தம்.

மனைவி ஒரு வாய் குடித்தாள். மெதுவாக விழுங்கினாள். “நல்லாத்தான்கா இருக்கு” என்றாள். பூனை மூச்சு விட்டார். பாதி மூச்சுதான் விட்டிருப்பார். “உப்புதான் கொஞ்சம் கம்மி” என்றாள்.

போச்சு என்று நினைத்தார். கைப்பை அக்காவின் மடியில்தான் இருந்தது.

அக்கா இன்னொரு கரண்டி குடித்தார். வாய்க்குள்ளேயே வைத்திருந்துவிட்டு விழுங்கினார். “ஆமா. கம்மிதான்” என்றார். உப்புக்குப்பியை எடுத்தார். தன் கிண்ணத்தில் ஒரு தட்டுத் தட்டினார். தங்கையின் கிண்ணத்தை இழுத்து அதிலும் ஒரு தட்டுத் தட்டி, தன் கரண்டியாலேயே கலக்கி, திரும்ப அவள் பக்கம் நகர்த்தினார்.

“அன்னிக்கும் கம்மிதான்டி” என்றார். “முந்நூறு பேருக்குப் போட்டுப் பழகின கை. பத்துப் பேருக்குப் போட வரல. வார்டன் முன்னால எப்படி ஒத்துக்கறது?”

மனைவி கிண்ணத்துக்குள் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. “சாப்பிடுடி, ஆறிடப் போவுது” என்று அக்கா அதட்டினார்.

ஜன்னல் வழியே சமையல்காரம்மா எட்டிப் பார்த்தார். “என்ன, ஏதாவது அறிவுறுத்தணுமா?”

“ஒண்ணும் இல்லம்மா” என்றார் பூனை. “இன்னும் மூணு சூப் குடுங்க.”

அதன் பிறகு அந்த மேஜையில் அவரிடம் யாரும் எதையும் கேட்கவோ சொல்லவோ சொல்லவில்லை. அவர்களே பேசிக்கொண்டார்கள். பேச்சு முக்கால்வாசி விண்கலத்தைத் தேர்ந்தெடுத்த மனிதரைப் பற்றித்தான். “எட்டு வருஷம்டி!” என்று அக்கா மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். பூனை மீன்முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிவைத்தார். கழுத்து வலி விட்டிருந்தது.

சுவர்க் கடிகாரம் மூன்று ஐந்து காட்டியபோதுதான் அக்காவுக்கு நினைவு வந்தது.

“ஐயோ, பஸ் போயிருக்குமே. அடுத்தது எப்ப தம்பி?”

நாலு மணிக்கு ஒன்று இருந்தது. அது பூனைக்கு நன்றாகத் தெரியும்.

“ஆறு மணிக்குத்தான்கா” என்றார்.