ரம்பை மணத்த கோழிக்கூடு

மகள் தாச்சிச் சட்டியில் வாசனைக்கு ரம்பை இலையைப் போட்டதும் எங்கள் பழைய கோழிக்கூடு நினைவுக்கு வந்தது.

நான் சிறுவனாக இருந்தபோது ஒருநாள் காலை கூட்டடியில் இரண்டு பேட்டுக்கோழிகள் கழுத்து கடிபட்டுக் கிடந்தன. பக்கத்து வீட்டு மணியக்காவின் நாய் வாயில் இறகுடன் நின்றது. நான் கண்டது அவ்வளவுதான். ஆனால் அம்மாவிடம், “நாய்தான் கடிச்சது, நான் கண்டனான்” என்றேன். அம்மா வேலிக்கு மேலால் கத்தினாள். மணியக்கா அன்றே நாயைச் சாவகச்சேரியில் இருந்த தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அடுத்த கிழமை அடைக்கோழியும் அதேபோல் செத்துக் கிடந்தது. ஐயா கூட்டுக்குள் தலையை விட்டு முகர்ந்து பார்த்தார்.

“ரம்பை மணக்குது. மரநாய் வந்து போனால்தான் இப்பிடி மணக்கும். உது அதின்ரை வேலை.”

கூட்டுக் கூரையில் இருந்த ஓட்டையைத் தகரத்தால் அடைத்தார். அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து மணியக்கா வீட்டுக்குப் போனாள்.

“அக்கா, உங்கடை நாயில்லை.”

“தெரியும் தங்கச்சி. அது இரவிலை என்ரை கட்டிலுக்குக் கீழைதான் படுக்கிறது.”

“அப்ப ஏன் சொல்லேல்லை?”

“உன்ரை மோன் கண்டதெண்டு சொல்லுறான். சின்னப்பிள்ளையைப் பொய்யனாக்கட்டோ?”

ஐயா சைக்கிளில் போய் நாயைக் கூட்டிவந்தார். படலைக் கதவு திறந்ததும் அது வாலை ஆட்டிக்கொண்டு முதலில் என்னிடம்தான் ஓடிவந்தது.