படகுக்காரர் அழைக்காத நாட்கள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நமுனுகுல பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறேன். காலையில் பிரித்துக் கொடுத்த தேயிலைச் செடிகளை வெட்டி முடித்தால் பகல் ஒரு மணிக்கே வேலை தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு லயத்து வீட்டில் நான் மட்டும்தான். கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இரண்டு இடத்திலும் நான் வாயைத் திறக்கவே இல்லை.

தம்பிக்குக் கொழும்பில் கடை வேலை. தீபாவளிக்கு வந்தவன் தன் பழைய போனைக் கொடுத்து, அதில் செஸ் விளையாடக் காட்டிவிட்டுப் போனான். லயத்துக்குள் சிக்னல் வராது. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இருக்கிற பாறையில் வரும். சோறு தின்றதும் அங்கே போய் உட்காருவேன்.

ஆளுக்குப் பத்து நிமிட ஆட்டம். ஒரு நாள், நீலப் படகுப் படம் வைத்திருந்த ஒருவர் என்னைத் தோற்கடித்துவிட்டு மறுபடியும் விளையாட அழைத்தார். அடுத்த நாளும் அதே நேரத்துக்கு அழைத்தார். பெயர் இங்கிலீஷில் இருந்தது, எனக்கு வாசிக்கத் தெரியாது. படகுக்காரர் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். வேலைக்கு அல்லாமல் என்னைத் தினமும் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

தினமும் தோற்றேன்.

"தோத்துப் போறப்ப ஒன் கணக்குல எவ்வளவு நேரம் மிச்சம் இருக்குண்ணே?" தம்பி போனில் கேட்டான்.

"எட்டு நிமிசம் இருக்கும்."

"அத மூட்ட கட்டி என்னா செய்யப் போற? யோசிச்சு வையேன். முன்னால கங்காணியா நிக்கிறாரு?"

சிரித்தேன். ஆனால் அதுதான் விஷயம். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் எந்த மலைக்குப் போக வேண்டும் என்று கங்காணி சொல்லி முடிப்பதற்குள் 'சரிங்க' என்று சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. யோசித்து நின்றால் ஏச்சு விழும். படகுக்காரர் ஒரு காயை மிரட்டினாலும் அப்படித்தான். தோட்டத்துத் துரையின் ஜீப்பைக் கண்டால் ரோட்டோரக் கான் வாய்க்காலில் இறங்கி நிற்பதுபோல், உடனே அதை நகர்த்திவிடுவேன்.

தமிழில் சொல்லித்தரும் வீடியோக்களைப் பார்த்தேன். ராஜாவின் சிப்பாய், குதிரை, மந்திரி என்று முதல் நான்கைந்து நகர்த்தல்கள் பழகின. அவசரத்தைத்தான் அடக்க முடியவில்லை. போனைப் பாறையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ள ஆரம்பித்தேன். இவர் இதை ஏன் வைத்தார்? நான் நகராமல் இருந்தால் என்ன போகும்? ஒரு தடவை என் குதிரையை அவருடைய மந்திரி மிரட்டியது. குதிரைக்குக் காவலாகச் சிப்பாய் இருந்தது. அவர் வெட்டினால் நானும் வெட்டலாம், நஷ்டமே இல்லை! குதிரையை அப்படியே விட்டு ராஜாவைப் பத்திரப்படுத்தினேன்.

தண்ணீருக்கு வந்த பக்கத்து வீட்டுப் பெண் நின்று பார்த்தாள். "என்னாங்கண்ணே, கைய கட்டிக்கிட்டு போனக் கும்புடுறீங்க? சாமி கீமி தெரியுதா?"

"சும்மாதாங்க" என்றேன். போனைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

சித்திரை மாதம், குடைக்குள் உட்கார்ந்து விளையாடிய ஒரு நாள், படகுக்காரரின் ராணி வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொண்டது. எனக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது: நான் தோற்கிறேன் என்பதால்தானே இவர் கூப்பிடுகிறார்? ஜெயித்தால் நாளைக்கு வருவாரா? காணாததுபோல் வேறு காயை நகர்த்தலாம். அந்த ராணியையும் மற்றக் காயையும் மாறி மாறிப் பார்த்தேன். ஆறு மாதம் கஷ்டப்பட்டுத்தான் அந்த ராணி என் கண்ணில் பட்டிருக்கிறது. விட மனம் வரவில்லை. எடுத்தேன். நாலு நகர்த்தலில் அவர் ஆட்டத்தை விட்டுக்கொடுத்துப் போய்விட்டார்.

மறுநாள் அழைப்பு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. படகுக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. வேறு யாருடனோ விளையாடிக்கொண்டிருந்தார். மற்றவர்களோடு விளையாட எனக்குத் தோன்றவில்லை.

"நீ கூப்பிடேன்" என்றான் தம்பி.

"அவருக்கு என்னா சோலியோ."

"மொகமே தெரியாத ஆளுகிட்ட என்னாண்ணே வெக்கம்?"

ஐந்தாம் நாள் அழைப்பை அழுத்தினேன். பதில் வராமலே அது மறைந்துபோனது. எழுந்து வீட்டுக்குப் போகத்தான் கால் போனது. அதுவும் அதே அவசரம்தான் என்று பட்டது. உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அழுத்தினேன்.

பலகை திறந்தது. எனக்கு வெள்ளைக் காய். ஐந்து நகர்த்தல் வரை வேகமாகவே போனது. ஆறாவதுக்கு அவர் உடனே பதில் வைக்கவில்லை. முன்பெல்லாம் நான் விரலை எடுப்பதற்குள் வைத்துவிடுவார். அவருடைய நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். போய்விட்டாரோ என்று பார்த்தேன்.

பச்சைப் புள்ளி எரிந்தபடியே இருந்தது. அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.