யூ.எஸ்.பி. அடாப்டரும் தவம் அண்ணையின் குளிர் அறையும்

அடாப்டர் என்றால் தன்னை இன்னொன்றுக்கு ஏற்பப் பொருத்திக்கொள்வது என்று அகராதி சொல்கிறது. எங்கள் தொழிலில் பொருத்திக்கொள்பவர்கள் எப்போதும் நாங்கள்தான். அடாப்டரில் ஒரு கடுகளவு பச்சை விளக்கு மினுங்குமா என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன சகோதர சகோதரிகளே, இது உங்களுக்காக எழுதுவது. அந்த நோய் இன்னும் பிடிக்காதவர்களுக்காக ஒரு முன்கதையும் சொல்லிவிடுகிறேன்.

தெற்கு லண்டனில் நானும் என் தொழில் கூட்டாளி சுதாவும் ஒரு சின்னப் பட்டறை நடத்துகிறோம். சுதா சூரிச்சில் வளர்ந்து, கலியாணம் முடித்து இங்கே வந்தவள். ஈயப் பற்றாசு வைப்பதில் அவளுக்கு நிகர் இல்லை. நான் நிரல் எழுதுகிறவன். அவள் அனுப்பும் குறுஞ்செய்திகளில் ஒற்றுப் பிழை திருத்துவதால் எனக்கு 'வாத்தியார்' என்று பட்டம்.

தண்ணி அடிக்கும் நேரம்

நோர்பரியில் தவம் அண்ணைக்கு மீன் மொத்த வியாபாரம். பாரை, விளைமீன், கணவாய் எல்லாம் ஒரு பெரிய குளிர் அறைக்குள் கிடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டியிருந்த நேரத்தில் அறையின் இயந்திரம் நின்றுபோய் முழு மீனும் பழுதாகிவிட்டது. காப்புறுதிக் கம்பனி அந்த முறை இழப்பீட்டைத் தந்தது. ஆனால் அறை சூடானால் தானாகவே செய்தி அனுப்பும் ஒரு கருவியைப் பூட்டி, அதை அவர்களுடைய ஆள் வந்து பார்த்துச் சரி சொன்னால்தான் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்போம் என்று சொல்லிவிட்டது. காப்புறுதி இல்லாமல் அவ்வளவு மீனை வைத்துக்கொள்ள முடியாது. மீன் இல்லாவிட்டால் தவம் அண்ணைக்குத் தொழில் இல்லை.

சாதாரணமாக இதற்கு ஒரு சின்னக் கணினிப் போர்டை வாங்கி, லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடலாம். நாங்களும் அப்படித்தான் முடித்தோம். ஆனால் மீன் வெட்டிய பிறகு தரைக்குத் தண்ணீர் அடிப்பார்கள். அடிக்க முன் சுவரில் உள்ள எல்லா சுவிட்சையும் ஒரே வீச்சில் நிறுத்துவார்கள். நல்ல பழக்கம், உயிர் காக்கும் பழக்கம். லினக்ஸுக்குத்தான் அது ஒத்துவரவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய், மெமரி கார்ட் சிதைந்து, கருவி பிணமாகிவிடும். "நிற்பாட்ட முன் முறைப்படி மூடவேணும் அண்ணை" என்று விளக்கினேன். தவம் அண்ணை என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தம்பி, நான் கத்தியும் கையுமா நிக்கிறன், உன்ரை பெட்டியிட்டைப் போய்ப் பிரியாவிடை சொல்லிக்கொண்டு இருக்க ஏலுமே?"

ஊர் எங்கை?

ஆகவே இயங்குதளமே வேண்டாம் என்று முடிவுசெய்தோம். போர்டில் எங்கள் நிரல் மட்டும்தான். எந்த நொடி நிறுத்தினாலும் சேதமில்லை. மின்சாரம் வந்தால் கண் மூடித் திறக்க முன் எழும்பிவிடும். ஆனால் செய்தி அனுப்ப இணையம் வேண்டும்; அந்தப் போர்டில் இணைய வலைக் கம்பி செருக இடமில்லை, யூ.எஸ்.பி. துவாரம் மட்டுமே உண்டு. எனவே இரண்டையும் இணைக்கும் யூ.எஸ்.பி. அடாப்டர் ஒன்று வேண்டும். லினக்ஸ் இருந்தால் அதை எப்படிப் பேச வைப்பது என்று அதற்குத் தெரியும். லினக்ஸைத் துரத்திவிட்ட வீட்டில் அந்த அறிவும் சேர்ந்து போய்விடுகிறது. எல்லாவற்றையும் நாமே கேட்கவேண்டும்.

யூ.எஸ்.பி.யில் செருகப்பட்ட சாமான் தானாக வாயைத் திறக்காது. போர்டு கேட்டால்தான் பதில் வரும். அந்தக் கேள்விகளுக்கும் ஒரு வரிசை உண்டு. நீ ஆர், எந்தக் கம்பனி, என்ன சாதனம், எத்தனை வாசல், எவ்வளவு மின்சாரம் குடிப்பாய்? யூ.எஸ்.பி.யின் விதிகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. லண்டனில் புதிதாக ஒரு தமிழரைச் சந்தித்த யாழ்ப்பாணத்துக்காரர் கேட்கிற அதே வரிசை: ஊர் எங்கை, ஆற்றை மகன், எந்தப் பள்ளிக்கூடம், இஞ்சை என்ன வேலை. இதை வகுத்த குழுவில் எங்கள் ஊர் ஆள் ஒருவர் இருந்திருக்கவேண்டும் என்று இன்றைக்கும் சந்தேகப்படுகிறேன்.

எங்கள் அடாப்டர் முதல் கேள்விக்குப் பதில் சொன்னது. அதற்கு ஓர் எண்ணை முகவரியாகக் கொடுத்தோம், ஏற்றுக்கொண்டது. அடுத்த கேள்விக்கு ஊமை. என்ன நடக்கிறது என்று பார்க்க, ஒவ்வொரு படியிலும் திரையில் நீண்ட விளக்கம் ஒன்று அச்சிடும்படி நிரலை மாற்றினேன். உடனே எல்லாம் வேலை செய்தது. விளக்கத்தை நீக்கினேன், மறுபடியும் ஊமை. மூன்றாம் முறையும் இதே கூத்து நடந்தபோதுதான் விதிகளை ஒழுங்காகப் படித்தேன். புது முகவரி கொடுத்த பின் அடாப்டருக்குக் கொஞ்சம் மூச்சுவிட அவகாசம் தரவேண்டுமாம், கண் இமைக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்கு. நான் அச்சிட்ட விளக்கங்கள்தான் இத்தனை நேரமும் அந்த அவகாசத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தன. சுதா பற்றாசுக் கோலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நீங்கள் அலட்டினதாலை பயன்பெற்ற முதல் சீவன் இதுதான், வாத்தியார்."

நான் ஒரு சீடி

மூச்சுவிட்ட அடாப்டர் மிச்சக் கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் சொன்னது. "என்ன சாதனம்?" என்று கேட்டோம். "சீடி டிரைவ்" என்றது. கையில் எடுத்துப் பார்த்தேன். விரல் நீளமான பிளாஸ்டிக் துண்டு, ஒரு முனையில் வலைக் கம்பி போகிற ஓட்டை. சீடி போக இடமே இல்லை.

பொய் சொல்கிற சாமானை நான் வெறுப்பதில்லை, ஏன் பொய் சொல்கிறது என்று அறியத்தான் ஆசை. காரணம் நியாயமானதாகவே இருந்தது. வாங்குகிறவருடைய விண்டோஸ் கணினியில் இதை ஓட்டும் மென்பொருள் இருக்காது என்று எண்ணி, தயாரித்தவர்கள் அந்த மென்பொருளை அடாப்டருக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். முதலில் சீடி வேடத்தில் வந்து மென்பொருளைக் கொடுக்கும். பிறகு "சீடியை வெளியே தள்ளு" என்று கட்டளையிட்டால் வேடத்தைக் கலைத்து, ஒரு கணம் மறைந்து, அடாப்டராகத் திரும்பி வரும். இல்லாத சீடியை வெளியே தள்ளும் கட்டளையை எழுதினேன். சொன்னபடியே மறைந்து, வேறு பெயரோடு வந்தது. வேலை எவ்வளவில் நிற்கிறது என்று பார்க்கப் பட்டறைக்கு வந்திருந்த தவம் அண்ணைக்கு இதை ஒரு விந்தையாகக் காட்டினேன். அவர் அசையவில்லை.

"வந்து இறங்கேக்கை பாஸ்போட்டிலை ஒரு பேர், உள்ளுக்கு வந்தாப் பிறகு சொந்தப் பேர். எங்கடை ஆக்களுக்கு உது புதுசே, தம்பி?"

இரட்டைப் பிள்ளைகள்

ஒன்று பழுதானால் மாற்றுவதற்கு இருக்கட்டும் என்று குட்மேய்ஸில் ஒரு தமிழ்க் கடையில் அதே அடாப்டரில் இன்னும் இரண்டு வாங்கினேன். தனித்தனியே சோதித்தேன், இரண்டும் தங்கம். ஒரே வலையில் இரண்டையும் செருகினேன், இரண்டும் தடுமாறின. ஒன்றுக்கு அனுப்பியது மற்றதற்குப் போனது, பிறகு எதற்குமே போகவில்லை.

வலையில் சேரும் ஒவ்வொரு அடாப்டருக்கும், உலகத்தில் வேறெதற்கும் இல்லாத ஓர் எண் இருக்கவேண்டும். வலையின் தபாற்காரர் வீட்டைக் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான். இந்த இரண்டுக்கும் கடைசி இலக்கம் வரை ஒரே எண். மலிவாகச் செய்தவர் ஒவ்வொன்றுக்கும் புது எண் எழுதச் சோம்பல்பட்டிருக்கிறார். நான் நிரலில் வேறு வேறு எண் வைத்துப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டேன். ஆனாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே, கடைக்குத் திரும்பிப் போய் முறையிட்டேன். கடைக்காரர் இரண்டையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் ஒப்பிட்டுப் பார்த்தார்.

"அண்ணை, ஒரு சோடிச் சாமான் ஒண்டுபோலை இருக்குதெண்டு திருப்பிக் கொண்டுவந்த முதல் ஆள் நீங்கள்தான்."

முந்திப் போனவன்

நோர்பரியில் கருவியைப் பூட்டினோம். வேலை செய்தது. சுவிட்சை நிறுத்தினார்கள், தண்ணீர் அடித்தார்கள், சுவிட்சை மறுபடி போட்டார்கள். எங்கள் போர்டு உடனே எழும்பியது. நான் சுதாவைப் பெருமையாகப் பார்த்தேன். ஆனால் செய்தி எதுவும் போகவில்லை.

அதே சுவரில்தான் இணையப் பெட்டியும் செருகியிருந்தது. அது எழும்பி, முகம் கழுவி, வேலைக்கு வர இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். எங்கள் போர்டு அதற்கு வெகு முன்பே எழும்பி, அடாப்டர் வழியாக எட்டிப் பார்த்து, மறுமுனையில் ஒருவரும் இல்லை என்று தீர்மானித்து, அத்தோடு முயற்சியைக் கைவிட்டுவிடுகிறது. வேகம் வேகம் என்று நான் கொண்டாடியதே எங்களுக்கு வினை. கைவிடாமல் இடைவிட்டு இடைவிட்டுக் கேட்கும்படி நிரலை மாற்றினேன். சுதா அதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்:

"கலியாண வீட்டுக்கு ஐயருக்கும் முந்திப் போய் நிண்டுபோட்டு, ஒருத்தரையும் காணேல்லை எண்டு திரும்பி வந்த மாதிரி இருக்கு, வாத்தியார்."

விபூதி

காப்புறுதிக்காரர் வரும் நாள் நெருங்கியது. அதற்கு முதல் நாள் பின்னேரம் தவம் அண்ணை போன் எடுத்தார். கருவி பேசுகிறதில்லை, விளக்கு மட்டும் எரிகிறது. ஓடிப்போய்ப் பார்த்தோம். அடாப்டரின் நெற்றியில், அப்படி ஒன்று அதற்கு இருக்குமானால், மூன்று குறி விபூதி. நடுவில் சந்தனப் பொட்டு.

புது வாகனத்துக்குப் பூசை செய்யாமல் ஓட்டாத மனிதர் அவர். நாளைக்கு இதை நம்பித்தானே தொழில் என்று, அடாப்டரைப் பிடுங்கிக் கோயிலுக்குக் கொண்டுபோய், அர்ச்சனை செய்வித்து, பத்திரமாகத் திரும்பச் செருகியிருக்கிறார். சந்தனத்தில் குற்றமில்லை, அது வெளியே மட்டும்தான் இருந்தது. குற்றம் எங்கள் நிரலில். எழும்பும்போது ஒருமுறை மட்டுமே அது "நீ ஆர்?" என்று கேட்கும். இடையில் ஒருவர் வெளியே போய், அருள் பெற்று, திரும்பி வருவார் என்று நான் நினைக்கவில்லை. திரும்பி வந்த அடாப்டர் மறுபடியும் சீடி வேடத்தில் யாராவது கேட்பார்களா என்று காத்துக்கொண்டிருந்தது. மீன் பெட்டி ஒன்றின் மேல் இருந்தபடியே, துவாரத்தை எப்போதும் கவனித்து, யார் வந்தாலும் முதலிலிருந்து விசாரிக்கும்படி எழுதி முடித்தேன். பிடுங்கினோம், செருகினோம், பேசியது. "கொண்டுபோகிறதெண்டால் முழுப் பெட்டியையும் கொண்டுபோயிருக்கலாமே அண்ணை" என்றேன்.

"பெட்டியைச் சுவரிலை ஆணி அடிச்சுப் பூட்டிப்போட்டாய், கழட்டக்கூடியதைத்தானே தம்பி சாமியிட்டைக் காட்டலாம்?"

திறந்த கதவு

காப்புறுதிக்காரர் உயரமான, அமைதியான வெள்ளையர். தவம் அண்ணை கோயிலுக்குப் போகிற சேர்ட்டில் நின்றார். "கதவைத் திறந்து வைப்போம், கருவி தானாகக் கூப்பிடுகிறதா பார்ப்போம்" என்று சொல்லி வந்தவர் கதவைத் திறந்தார். தவம் அண்ணை மூடினார். வந்தவர் மரியாதையாக விளக்கிவிட்டு மறுபடி திறந்தார். தவம் அண்ணை தலையாட்டிக்கொண்டே குதிக்காலால் மூடினார். குளிர் அறைக் கதவு திறந்து கிடப்பதை அவருடைய உடம்பு ஒப்புக்கொள்வதில்லை. சுதா குறுக்கே போய் நின்றாள். அப்போதும் அவர் கை அவளைத் தாண்டி நீண்டது. இந்தக் கதவு திறந்திராவிட்டால் அறை சூடாகாது. சூடாகாவிட்டால் கருவி கூப்பிடாது. கருவி கூப்பிடாவிட்டால் காப்புறுதி இல்லை. இதை நான் தமிழில் இரண்டு தரம் சொன்னேன். "விளங்குது, விளங்குது" என்று சொல்லிக்கொண்டே மூடினார்.

கடைசியில் காப்புறுதிக்காரர் பெருமூச்சு விட்டார். கதவு மூடியபடியே இருக்கட்டும் என்று சொல்லி, வெப்பம் அளக்கும் கம்பியை அறைக்குள்ளிருந்து வெளியே இழுத்து, எல்லோரும் பார்க்கத் தன் உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்தார். நான் அடாப்டரின் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். மினுங்கியது. தவம் அண்ணையின் பையில் போன் அலறியது. எடுத்துப் படித்தார்: குளிர் அறை சூடாகிறது, உடனே கவனிக்கவும். அடுத்த கணம் மனிதர் பாய்ந்தார். கதவைத் திறந்து மீனைத் தடவிப் பார்த்தார், மூடினார், பின்பக்கம் இயந்திரத்தைப் பார்க்க ஓடினார். கம்பியைக் கையில் பிடித்தபடியே நின்ற காப்புறுதிக்காரர், "எனக்கு வேறு சோதனை எதுவும் வேண்டாம். சரி என்று இன்றைக்கே எழுதிவிடுகிறேன்" என்றார். நானும் சுதாவும் சிரிக்கத் தொடங்கினோம். பின்பக்கத்திலிருந்து குரல் வந்தது:

"அங்கை நிண்டு பல்லைக் காட்டாமல் ஓடி வா தம்பி, பெட்டி கத்துது, பாரை முழுக்கப் பழுதாகப்போகுது!"

இயந்திரத்தைப் பேச வைக்க மாதக்கணக்கில் மல்லுக்கட்டினால் எப்படியோ ஒருநாள் வழிபிறக்கும், ஆனால் அது பேசியதைக் கேட்டு ஓடத் தொடங்கிய மனிதரை நிறுத்தும் நிரல் எங்கள் தொழிலில் இதுவரை ஒருவராலும் எழுதப்படவில்லை.