இரண்டாவது பொத்தானின் உயரம்

வனத்துறை கொடுத்த கோலை, மரம் அளப்பவர் வேலைக்கு வந்த முதல் வருடமே அலுவலகக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டார். தரையிலிருந்து நூற்று முப்பது சென்டிமீட்டர் உயரத்தில்தான் மரத்தின் சுற்றளவை எடுக்க வேண்டும். அந்த உயரத்தைக் காட்டத்தான் கோல். ஒரு கையில் நாடா, மறுகையில் நோட்டு, வாயில் பென்சில் என்று சரிவில் ஏறுகிறவனுக்குக் கோல் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். மரத்தை ஒட்டி நின்றால் அவருடைய சட்டையின் இரண்டாவது பொத்தான் சரியாக நூற்று முப்பதில் இருந்தது. பட்டை உரியும் மரங்கள் என்பதால் பெயிண்ட் கோடும் தங்காது. ஆகவே பொத்தானே கோல்.

ஒருமுறை சோதிக்க வந்த அதிகாரி கோலை வைத்துப் பார்த்து அசந்துபோனார். அன்றிலிருந்து அலுவலகத்தில் மரம் அளப்பவரின் அளவு வேதவாக்கு. அவருக்கும் தலைக்கனம் இல்லாமல் இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதே நானூறு மரங்கள். இருபத்தெட்டு வருடம் ஓடிவிட்டது.

கடைசி மூன்று அளவுகளில் மரங்கள் மளமளவென்று பருத்திருந்தன. காடு இவ்வளவு வேகமாக வளர்ந்தால் கூடுதலாக வெட்டலாம் என்று பட்டியல் தயாரானது. திங்கட்கிழமை கையெழுத்து.

அதற்கு முந்தைய வாரம் அவர் மனைவி புதுச்சட்டையைப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருப்பவள். சட்டையைப் போட்டவுடன் முன்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு என்று நாடா வைத்துக் குறித்துக்கொள்வாள். மற்ற தையல்காரர்கள் கேலி செய்தாலும் அந்தப் பழக்கத்தை விட்டதில்லை.

"முன்பக்கம் மறுபடியும் இறங்குதுங்க. ஆறு வருஷத்துல நாலு விரல். கூன் விழுது உங்களுக்கு."

"வயசானா விழத்தான் செய்யும்," என்றவர் அப்படியே நின்றுவிட்டார். மரம் அடி நோக்கிப் போகப் போகப் பருமன். பொத்தான் இறங்கியிருந்தால் நாடாவும் இறங்கியிருக்கும்.

மறுநாள் கோலைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். முதல் மரத்திலேயே பொத்தான் நாலு விரல் கீழே நின்றது. கோல் காட்டிய இடத்தில் நாடாவைச் சுற்றினால் ஒன்றரை சென்டிமீட்டர் குறைவு. பத்து மரம் பார்த்தார். ஆறு வருட வளர்ச்சியில் பாதி பொய்.

வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். அடுத்த வருடம் ஓய்வு, யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் வெட்டிய மரத்தை ஒட்டவைக்க முடியாது. அவமானத்தில் காது சுட, பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரியம்மாவின் மேசை முன் போய் நின்றார்.

"மரம் வளரல," என்றார் அந்த அம்மா, எல்லாம் கேட்டபின். "நீங்க இறங்கியிருக்கீங்க."

"ஆமாங்க."

"கோலை ஏன் எடுத்துட்டுப் போகல?"

"திமிருங்க."

அந்த அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னைக்கு மறுபடி அளந்துடலாம். ஆனா அன்னன்னைக்கு நீங்க எவ்வளவு குனிஞ்சிருந்தீங்கன்னு யாருக்குத் தெரியும்? நடுவுல எடுத்த அளவெல்லாம் குப்பைக்குத்தான்."

அவர் வெளியே போனார். வீட்டுக்குப் போய்விட்டார் என்றுதான் நினைத்தார்கள். போனது உண்மைதான், ஆனால் ஒரு மணி நேரத்தில் திரும்பி, மனைவியின் எண்ணெய்க்கறை படிந்த தையல் நோட்டு ஒன்றை மேசையில் வைத்தார். அவருக்குத் தைத்த ஒவ்வொரு சட்டைக்கும் தேதி, நீளம், பொத்தானுக்குப் பொத்தான் இடைவெளி, தரையிலிருந்து முன்விளிம்பு. கூட்டிக் கழித்தால் அன்று பொத்தான் நின்ற உயரம் வந்துவிடும்.

அதிகாரியம்மா பக்கங்களைப் புரட்டினார். பிறகு கால்குலேட்டரை எடுத்தார்.

வெட்டும் பட்டியல் பாதியாகக் குறைந்தது. திருத்திய அறிக்கையின் அடியில் ஒரு குறிப்பு: அளவெடுத்த உயரம், தையல்காரரின் குறிப்பேட்டின்படி. மரம் அளந்தவர் பேர் எங்கும் இல்லை. அது அவருக்கு வலித்தது. அதை மனைவியிடம் சொல்லவும் செய்தார்.

"என் பேரும்தான் இல்ல," என்றாள் அவள், நாடாவை உதறிக்கொண்டே. "அடுத்த சட்டை தச்சாச்சு. நிமிந்து நில்லுங்க, குறிக்கணும்."

"நிமிர முடிஞ்சா இந்த வம்பே வந்திருக்காதே."

"அப்ப இருக்கிறபடி நில்லுங்க."

நின்றார். அவள் குனிந்து அளந்து, உள்ளதை எழுதிக்கொண்டாள்.